மெய்ஜி காலத்து வீட்டுப் பெண்கள்: ஒரு மறுபதிப்புப் படப்பெட்டியின் மதிப்புரை

ஜப்பானின் மெய்ஜி காலத்தில் (1868–1912) எடுக்கப்பட்ட, பெண்களின் வீட்டு வாழ்க்கையைக் காட்டும் 12 ஒளிப்படங்களின் மறுபதிப்புகள் அடங்கிய பெட்டி ஒன்றை டோக்கியோவின் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத் தெருவில் வாங்கினேன். வரி உட்பட விலை 6,600 யென். அதே படங்களை வாஷி எனப்படும் ஜப்பானிய மரபுத் தாளில் அச்சிட்ட பெட்டி 8,800 யென். தனிப்படமாக எடுத்தால் ஒன்று 880 யென். அச்சின் தரம் கொடுத்த பணத்துக்குத் தகுந்தது, சில தாள்களில் அதையும் மிஞ்சியது. ஆனால் படங்களைத் தேர்ந்தெடுத்ததிலும், ஓரம் வெட்டியதிலும், குறிப்பு எழுதியதிலும் அலட்சியம் தெரிகிறது. ஆகவே பெட்டியாக வாங்குவதைவிட, வேண்டிய படங்களைப் பார்த்துத் தனித்தனியாக எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

பெட்டியின் மூடியில் ‘அன்றாட வாழ்க்கையின் காட்சிகள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதை அப்படியே நம்பி வாங்குபவர் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் யோகோஹாமாவில் பிறந்தவை. 1859இல் அந்தத் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. 1863இல் ஃபெலிசே பெயாட்டோ அங்கே வந்து சேர்ந்து படக்கூடம் நடத்தினார். 1877இல் அவர் தம் கூடத்தையும் படம் பதிந்த கண்ணாடித் தகடுகளையும் ரைமுண்ட் ஃபான் ஷ்டில்ஃப்ரீட் என்ற ஆஸ்திரியருக்கு விற்றார். அவ்விருவரிடமும் வண்ணம் தீட்டும் வேலை பார்த்துத் தொழில் கற்ற குசகபே கிம்பெய், 1880களின் தொடக்கத்தில் சொந்தக் கடை போட்டு, அவர்களுக்குப் பிறகும் பல ஆண்டுகள் நிலைத்து நின்றார். 1869இல் சூயஸ் கால்வாயும் அமெரிக்காவின் குறுக்கே செல்லும் இரயில் பாதையும் திறக்கப்பட்டபின் உலகைச் சுற்றிவரும் பயணிகளின் வரத்து பெருகியது. அவர்கள் ஊருக்குக் கொண்டுபோக ஏற்றவாறு, 50 படங்களை ஒட்டி, மேலட்டைக்கு அரக்குப் பூசிப் பொன் துகளால் சித்திரம் தீட்டிய ஆல்பங்களை இந்தக் கடைகள் விற்றன. அந்தப் பயணிகள் துறைமுகத்திலிருந்து பத்து ரி, அதாவது ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது என்ற கட்டுப்பாடு 1899 வரை இருந்தது. ஜப்பானிய வீட்டின் உட்புறத்தை நேரில் காணும் வாய்ப்பு அவர்களில் பலருக்கு இல்லை. அந்தக் குறையைக் கடைக்காரர்கள் தம் கூடத்திலேயே பாய் விரித்து, பின்னால் திரை தொங்கவிட்டு, கூலிக்கு வந்த பெண்களை உட்காரவைத்துத் தீர்த்துவைத்தார்கள். கூலிக்கு வந்தவர்களில், ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் தொழில் செய்த கெய்ஷாக்கள் பலர். குடும்பத்துப் பெண்கள் அந்நியர் கையில் விலைபோகும் படத்துக்கு உட்கார எளிதில் சம்மதிக்கவில்லை.

பெட்டியோடு வந்த ஒரே ஒரு மடிப்புத் தாளில் இந்தச் செய்திகளில் எதுவுமே இல்லை. பூ வேலைப்பாடு போட்ட ஓரத்துக்குள் அமைதி, மென்மை, மறைந்துபோன அழகு என்று நான்கு பத்தி இருக்கிறது. எடுத்தவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, மூலப்படம் எங்கே இருக்கிறது என்ற தகவலும் இல்லை. விளம்பரத் தாளில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் படத்தில் இருப்பது நடிப்பு என்று தெரிந்த பிறகுதான் அதில் நடிப்பு அல்லாதது எது என்று தேடத் தோன்றும். இந்தப் படங்களின் சுவையே அந்தத் தேடலில்தான் இருக்கிறது.

என் தேடலுக்கு முழுப் பலன் கொடுத்தது ‘துணி காயவைத்தல்’ என்று பெயரிட்டிருக்கும் நான்காம் தாள். பெயர் தவறு. படத்தில் நடப்பது அராய்ஹரி என்னும் வேலை. கிமோனோவைத் துவைக்க வேண்டுமானால் அதன் தையலை முழுவதும் பிரித்துவிடுவார்கள். ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே சுருள் துணியிலிருந்து நேர்க்கோட்டில் வெட்டித் தைத்த உடை என்பதால், பிரித்ததும் அது மீண்டும் நீண்ட பட்டைகளாகிவிடும். அந்தப் பட்டைகளை அலசி, ஃபுனோரி என்ற கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த கஞ்சி தோய்த்து, ஆளுயரப் பலகையில் சுருக்கமில்லாமல் ஒட்டி வெயிலில் சாய்த்துவைப்பார்கள். காய்ந்தபின் உரித்தெடுத்து மறுபடியும் தைப்பார்கள். பட்டுத் துணியாக இருந்தால் பலகைக்குப் பதிலாக, இரு முனையிலும் ஊசி பொருத்திய மெல்லிய மூங்கில் குச்சிகளை வில்போல வளைத்துத் துணியின் அகலத்தில் வரிசையாகக் குத்தி, தொங்கவிட்டு இழுத்துக் கட்டுவதும் உண்டு. இந்தத் தாளில் இரண்டு பெண்கள் பலகையருகே நிற்கிறார்கள். ஒருத்தி புறங்கையால் துணியை மேலிருந்து கீழாக நீவுகிறாள். தோள்களைச் சுற்றி முதுகில் குறுக்காகக் கட்டிய தாசுகி கயிறு அவளுடைய சட்டைக்கைகளைத் தோளோடு இழுத்துப் பிடித்திருப்பதால் முழங்கை வரை கை தெரிகிறது. அந்தக் கையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். விரல் மூட்டுகள் தடித்து, நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருக்கின்றன. முகத்துக்கு வெள்ளைப் பூசியிருந்தாலும் கை உண்மையைச் சொல்லிவிடுகிறது: பலகை வேலை தெரிந்த ஒருத்தியைத்தான் இந்தப் படத்துக்கு நிற்கவைத்திருக்கிறார்கள். தரையில் சிந்திய தண்ணீரும் துடைக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. 880 யென்னுக்கு இந்த ஒரு தாளை மட்டும் வாங்கினாலும் போதும்.

அடுத்து நிற்பது தலைவாரும் படம். கண்ணாடித் தாங்கியின் முன் ஓர் இளம்பெண் முழங்காலிட்டிருக்க, பின்னால் மற்றொருத்தி சீப்பைப் பிடித்திருக்கிறாள். பக்கத்தில் திறந்த இழுப்பறையில் சீப்புகள் அளவு வாரியாக அடுக்கப்பட்டுள்ளன. தலைமயிரைக் கட்டுவதற்கான முறுக்குக் காகித இழைகள் ஒரு கட்டு கிடக்கிறது. மெழுகெண்ணெய் தடவி வாரி முடித்த இந்தக் கொண்டைகளை நாள்தோறும் அவிழ்ப்பதில்லை. அதனால்தான் கழுத்தை மட்டும் தாங்குகிற, பெட்டிபோன்ற அடிப்பாகம் கொண்ட உயரத் தலையணை வேண்டியிருந்தது. அந்தத் தலையணை எட்டாம் தாளில், இரு பெண்கள் உறங்குவதுபோல் படுத்திருக்கும் காட்சியில் வருகிறது. கொண்டையின் வடிவமும் செய்தி சொல்லும்: மணமாகாத பெண்ணுக்கு ஷிமாதா, மணமானவளுக்கு உச்சியில் வட்டமாக எழும் மருமகே. சீப்புப் பிடித்திருப்பவளின் புருவம், மணமான பெண்களின் பழைய வழக்கப்படி, மழிக்கப்பட்டிருக்கிறது. பல்லுக்குக் கறுப்புச் சாயம் பூசுவதையும் புருவம் மழிப்பதையும் 1870இல் அரசு உயர்குடியினருக்குத் தடை செய்தது. 1873இல் பேரரசியே அவ்வழக்கத்தைக் கைவிட்டார். எனினும் சாதாரண வீடுகளில் அது உடனே மறைந்துவிடவில்லை. அவள் வாய் மூடியிருப்பதால் பல்லைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் மிகவும் பெருமைப்படுவது அதில்தான். மூலப்படங்கள் முட்டை வெண்கருவையும் உப்பையும் பூசிய மெல்லிய தாளில், வெள்ளி நைட்ரேட் ஏற்றி, கண்ணாடித் தகட்டோடு சேர்த்து வெயிலில் வைத்து எடுத்தவை. பிரான்சில் 1850இல் அறிமுகமான இம்முறை அந்த நூற்றாண்டின் இறுதிவரை உலகமெங்கும் வழக்கில் இருந்தது. அப்படி எடுத்த பழுப்புப் படத்தின்மேல் நீர்வண்ணத்தை மெல்லிய தூரிகையால் ஏற்றுவார்கள். யோகோஹாமாவில் தொழில் நடத்திய இத்தாலியரான அடோல்ஃபோ ஃபர்சாரியின் கூடத்தில் கைதேர்ந்த ஓவியர் ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று படங்களைத்தான் முடிப்பார் என்பது பதிவாகியிருக்கிறது. அக்காலத் தகடுகள் நீல ஒளியை மட்டும் நன்றாக உணரும். சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டுத்தான். ஆகவே சிவப்புத் துணி படத்தில் கரும்பழுப்பாகவும், நீலத் துணி வெளிறியும் விழும். அதன்மேல் எந்த நிறத்தை ஏற்றுவது என்பது வண்ணக்காரர் கையில். ஒரே தகட்டிலிருந்து எடுத்த படம் ஓர் ஆல்பத்தில் ஊதாக் கிமோனோவோடும் இன்னோர் ஆல்பத்தில் பச்சைக் கிமோனோவோடும் இருப்பது இதனால்தான். எனவே ‘அசல் நிறங்கள்’ என்று மடிப்புத் தாள் சொல்வதை, வண்ணக்காரரின் நிறங்கள் என்று திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வண்ணக்காரரின் வேலையாவது உள்ளபடி வந்திருக்கிறதா என்றால், பாதி வந்திருக்கிறது. அரக்குச் சிவப்பும் ஆடையின் ஓரத்துப் பொன்னிறப் புள்ளிகளும் அருமை. பூக்கூடையோடு இருக்கும் ஐந்தாம் தாளில், சிறு செவ்வந்தியின் ஒவ்வோர் இதழுக்கும் தனித்தனியாகத் தூரிகை தொட்டிருப்பது தெரிகிறது. கோட்டுக்கு வெளியே வழிந்த ஒரு துளி இளஞ்சிவப்பைக்கூட அச்சு விட்டுவிடவில்லை. ஆனால் முகங்களில் தவறு நடந்திருக்கிறது. வெண்கருத் தாள் வயதாகும்போது வெளிச்சப் பகுதிகள் மஞ்சளிக்கும். ஸ்கேன் செய்தவர் அந்த மஞ்சளை நீக்குவதற்காக மொத்தப் படத்தையும் ஒரே விசையில் வெளுக்கவைத்திருக்கிறார் போலும். மஞ்சள் போனதோடு கன்னத்துச் சூடும் போய், மூன்று தாள்களில் பெண்களின் முகம் நீலம் பாரித்துத் தெரிகிறது. ஷாமிசென் என்ற மூன்று தந்தி இசைக்கருவியை வாசிக்கும் மூவரில் நடுவில் இருப்பவள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள்போல் இருக்கிறாள். பழைய படத்தில் மஞ்சளிப்பும் உண்டு என்று விட்டிருக்கலாம். அல்லது முகத்தை மட்டும் தனியாகக் கவனித்திருக்கலாம்.

சாதாரணத் தாளா, வாஷியா என்ற கேள்விக்கு என் பதில் சாதாரணத் தாள் என்பதே. வாஷியில் அச்சிட்ட மாதிரியைக் கடையிலேயே காட்டினார்கள். கையில் எடுத்தால் மிருதுவாக, கனமே இல்லாமல், ஓரம் கிழிந்ததுபோல் அழகாக இருக்கிறது. வாங்க வேண்டும் என்ற ஆசையும் வருகிறது. ஆனால் தாளின் நார் ஓட்டம் முகத்தின் குறுக்கே வரும்போது கண்ணிமையும் உதட்டோரமும் கலைந்துவிடுகின்றன. மேலும் மூலப்படங்கள் வாஷியில் எடுக்கப்பட்டவை அல்ல. வெண்கருப் பூச்சுக்கு மெல்லிய பளபளப்பு உண்டு, நிழல்களுக்கு ஆழம் கொடுப்பது அதுதான். மங்கலான மேற்பரப்புள்ள எந்தத் தாளிலும் அந்த ஆழம் கிடைக்காது. விலைகுறைந்த பெட்டியின் தாள் கொஞ்சமாவது மினுங்குவதால், அடுப்பங்கரைக் காட்சியில் கமாதோ அடுப்பின் வாயும் அதன்மேல் வைத்த அரிசிப் பானையின் மர மூடியும் இருட்டுக்குள்ளேயே பிரிந்து தெரிகின்றன. வாஷியில் அவை ஒரே கரிப்பட்டையாக இருந்தன.

இனி மனக்குறைக்கு வருகிறேன். ஒன்பதாம் தாளில் ஒருத்தி ஹிபாச்சி கணப்பின் அருகே அமர்ந்து, நீண்ட குழாயில் புகைபிடிக்கத் தயாராகிறாள். நல்ல படம்தான், ஆனால் அவளுடைய கிமோனோவின் வலப்புறம் இடப்புறத்தின்மேல் மடிந்திருக்கிறது. ஆணோ பெண்ணோ, உயிரோடிருப்பவர் கிமோனோவை இடப்புறம் மேலே வரும்படிதான் அணிவார். வலப்புறத்தை மேலே போர்த்துவது இறந்தவரின் உடலுக்குச் செய்வது. ஆகப் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. மாய விளக்கு என்ற, படத்தைத் திரையில் பெரிதாக்கும் பழைய கருவியில் போட்டுக் காட்டுவதற்காகச் செய்த கண்ணாடிச் சில்லுகளைத் தவறான பக்கத்திலிருந்து ஸ்கேன் செய்தால் இப்படி ஆகும். அந்தத் தாளில் மட்டும் கைவண்ணம் வேறு விதமாக, ஒளி ஊடுருவும் தன்மையோடு இருப்பதால், அது சில்லிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். ஜப்பானில், ஜப்பானியர் நடத்தும் கடையில், அச்சுக்குப் போகுமுன் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை என்பதுதான் வியப்பு. சொன்னதும் கடையில் இருந்தவர் குனிந்து மன்னிப்புக் கேட்டு, உடனே வேறொரு தாள் எடுத்துவந்தார். அதுவும் அப்படித்தான் இருந்தது. மூலக்கோப்பே மாறியிருக்கும்போது எந்தத் தாளை எடுத்தாலும் அப்படித்தானே இருக்கும். கடைசியில் அந்தத் தாளுக்குரிய பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். கடையின் நடத்தையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஓரம் வெட்டியது அதைவிடப் பெரிய தவறு. யோகோஹாமாப் படங்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 20க்கு 26 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஜப்பானியக் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் முத்சுகிரி அளவுச் சட்டகம் 203க்கு 254 மில்லிமீட்டர். அந்தச் சட்டகத்துக்குள் அடங்குவதற்காக ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் சில மில்லிமீட்டர் வெட்டப்பட்டிருக்கிறது. வெறும் ஓரம் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் கிம்பெய் போன்றவர்கள் படத்தின் கீழோரத்தில்தான் வரிசை எண்ணையும் ஆங்கிலத் தலைப்பையும் சிறு வெள்ளை எழுத்தில் பொறித்தார்கள். எந்தக் கூடத்தின் படம் என்று கண்டுபிடிக்க உதவும் முதல் தடயம் அதுவே. ஒரு கூடத்தின் தகடுகள் விற்பனையாகி அடுத்தவர் கைக்குப் போய், அவர் பெயரிலேயே மீண்டும் அச்சாகும் வழக்கம் இருந்ததால், படத்தை வைத்து மட்டும் எடுத்தவரைச் சொல்வது வல்லுநர்களுக்கே சிரமம்; எண்ணும் போய்விட்டால் சாதாரண வாசகருக்கு வழியே இல்லை. பன்னிரண்டில் இரண்டு தாள்களில் மட்டும் எண்ணின் மேல்பாதி தப்பிப் பிழைத்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் கூடுகிறது. இன்னும் அரை சென்டிமீட்டர் வெள்ளை விளிம்பு விட்டு, படத்தைச் சற்றே சுருக்கி அச்சிட்டிருந்தால் சட்டகமும் பொருந்தியிருக்கும், எழுத்தும் இருந்திருக்கும்.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டில் நான்கு, குளியலையும் தோளைத் திறந்துபோட்டு முகப்பூச்சு இடுவதையும் காட்டுகின்றன. மேற்கத்திய ஆண் பயணிகளை மனத்தில் வைத்தே எடுக்கப்பட்ட காட்சிகள் இவை என்பது, தண்ணீரே இல்லாத தொட்டியருகே பக்கவாட்டில் திரும்பிப் புன்னகைக்கும் பெண்ணைப் பார்த்தாலே விளங்கும். வரலாற்று ஆவணமாக இவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் வீட்டு வாழ்க்கை என்ற தலைப்பில் மூன்றில் ஒரு பங்கை இவற்றுக்குக் கொடுத்துவிட்டு, தையலுக்கும், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு செய்யும் வேலைக்கும், பட்டு நூற்புக்கும் ஒரு தாள்கூட ஒதுக்காததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பொருள்களில் படங்கள் இல்லாமல் இல்லை. நாகசாகி பல்கலைக்கழக நூலகத்தின் பழம்பட இணையத் தொகுப்பில் தேடினால் வந்துகொண்டே இருக்கும். உறங்கும் காட்சியில் விளக்கருகே படுத்திருப்பவளும், தேநீர்க் காட்சியில் கிண்ணம் நீட்டுபவளும், முகப்பூச்சுக் காட்சியில் கண்ணாடி பார்ப்பவளும் ஒரே பெண் என்பதைக் கவனித்தேன். இடப்புருவத்தின் மேல் ஒரு சிறு மச்சம் மூன்றிலும் இருக்கிறது. ஒரு நாள் கூலிக்கு அவளை எத்தனை வீட்டு வேலைகள் செய்யவைத்தார்களோ!

இந்தப் படங்கள் எதற்கும் இன்று காப்புரிமை இல்லை. நியூயார்க் பொது நூலகத்தின் இணையத் தொகுப்பில் மெய்ஜி கால ஆல்பங்கள் பல, எண்ணும் தலைப்பும் முழுமையாகத் தெரியும்படி, கட்டணமின்றி இறக்கிக்கொள்ளும் வசதியோடு கிடைக்கின்றன. நல்ல அச்சகம் தெரிந்தவர்கள் அங்கிருந்தே எடுத்து, தமக்கு வேண்டிய தாளில், வெட்டாமல் அச்சிட்டுக்கொள்ளலாம். அந்த அலைச்சல் வேண்டாம் என்பவர்களுக்கும், ஜிம்போச்சோவில் பழைய பொருள்களோடு சில வேளைகளில் தட்டுப்படும் மூலப்படங்களின் விலையைக் கேட்டுப் பின்வாங்கியவர்களுக்கும்தான் இந்தக் கடை பயன்படும். மூலத்தைச் சுவரில் மாட்டுவதும் அறிவுடைமை ஆகாது. வெண்கருப் படமும் அதன்மேல் ஏற்றிய வண்ணமும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். மறுபதிப்புக்கு நிறமித் துகள் மையைப் பயன்படுத்தியிருப்பதால் அந்த அச்சம் குறைவு. ஆயினும் நேர் வெயில் படும் சுவரைத் தவிர்ப்பது நல்லது.

பெட்டியும் கட்டுமானமும் உறுதியானவை. ஒவ்வொரு தாளுக்கும் இடையில் அமிலமற்ற மெல்லிய தாள் வைத்திருக்கிறார்கள். மூலையில் ஒன்றுகூட மடங்கவில்லை. தனியாக வாங்குவதானால் நான்காம் தாளான அராய்ஹரி, இரண்டாம் தாளான தலைவாரல், ஐந்தாம் தாளான பூக்கூடை, பதினோராம் தாளான அடுப்பங்கரை ஆகிய நான்கையும் எடுக்கலாம். மொத்தம் 3,520 யென் ஆகும். ஒன்பதாம் தாளைத் திருத்தி மறுபடியும் அச்சிடுவதாகக் கடையில் சொன்னார்கள். திருத்தும்போது கீழோரத்து எழுத்தையும் விட்டுவைக்கும்படி கேட்டிருக்கிறேன். வாங்கப் போகிறவர்களும் அதையே கேட்டுவைத்தால் அடுத்த பதிப்பிலாவது அந்த எண்கள் முழுதாக வந்துசேரும்.